வலப்பக்கம்தான் போவார்; தெரிந்தும் தடுக்க முடியாது

1956 மே 9. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தும் பிரேசிலும் மோதின. பிரேசிலின் லெஃப்ட் பேக் நில்டன் சாண்டோஸ், அன்றைய உலகின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரர்களில் ஒருவர். அவருக்கு எதிரே இங்கிலாந்தின் ரைட் விங்கில் நின்ற ஸ்டான்லி மேத்யூஸுக்கு வயது 41. நில்டனைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அன்று திணறியது இளையவர்தான். மேத்யூஸ் அவரைத் தாண்டித் தாண்டிப் பந்தை உள்ளே அனுப்பிக்கொண்டே இருந்தார். இங்கிலாந்து 4-2 என்ற கணக்கில் வென்றது.

நில்டனுக்கு அது முதல் அனுபவம் அல்ல. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1953இல், ரியோ டி ஜெனீரோவின் போட்டாஃபோகோ கிளப்புக்கு ஓர் இளைஞன் தேர்வுக்காக வந்தான். இரண்டு கால்களும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. பயிற்சி ஆட்டத்தில் அவனைத் தடுக்கும் வேலை கிளப்பின் நட்சத்திரமான நில்டனுக்கு. அந்த இளைஞன் பந்தை நில்டனின் கால்களுக்கு நடுவே தட்டிவிட்டு மறுபக்கம் போய் எடுத்துக்கொண்டான் என்பது பிரேசில் முழுக்கச் சொல்லப்படும் கதை. ஆட்டம் முடிந்ததும் நில்டன் நிர்வாகிகளிடம், இவனை எதிரணியில் சந்திப்பதைவிட நம் அணியில் வைத்துக்கொள்வதே நல்லது என்றாராம். கிளப் அவனைச் சேர்த்துக்கொண்டது. அவன்தான் கரிஞ்சா.

கால்பந்தில் டிரிபிளிங்கின், அதாவது பந்தைக் காலோடு கொண்டுபோய் எதிராளியைத் தாண்டுவதன், உச்சம் யார் என்று பேச உட்கார்ந்தால் விடியும்வரை பேசலாம். மெஸ்ஸி என்பார் ஒருவர், மரடோனா என்பார் இன்னொருவர், ரொனால்டினோவை விட்டுவிட்டு என்ன பட்டியல் என்று மூன்றாமவர் கேட்பார். கோல் எண்ணிக்கையையும் கோப்பைகளையும் கொண்டுவந்து நிறுத்தினால் பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். இந்தக் கேள்விக்குச் சரியான சாட்சி எதிரே நின்றவர்தான். மேத்யூஸையும் கரிஞ்சாவையும் தன் கால்களால் அளந்த நில்டன் சாண்டோஸ் போன்றவர்கள் பார்த்தது என்ன, அவர்களால் செய்ய முடியாமல் போனது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

புள்ளிவிவரங்கள் ஓரளவுக்கே உதவும். ஆட்டக்காரர் ஒருவர் எத்தனை முறை எதிராளியைத் தாண்டினார் என்று ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒழுங்காகக் கணக்கெடுக்கும் வழக்கம் பரவலானது 1990களுக்குப் பிறகுதான். அந்தக் கணக்கிலும் நடுக்கோட்டருகே ஆபத்தில்லாத இடத்தில் ஒருவரைத் தாண்டுவதும், பெனால்டி ஏரியாவுக்குள் மூன்று பேருக்கு நடுவே நுழைந்து போவதும் ஒரே மாதிரிதான் பதிவாகும். கரிஞ்சா போட்டாஃபோகோவுக்காக ஆடிய நூற்றுக்கணக்கான ஆட்டங்களில் பெரும்பகுதிக்கு முழுப் படப்பதிவே கிடையாது. எண்களை மட்டும் நம்பினால் கால்பந்தின் பாதி வரலாறு கைநழுவிவிடும்.

ஆட்டம் பிறந்ததே டிரிபிளிங்கில்தான் என்பதை இன்று பலரும் மறந்துவிட்டார்கள். 1863இல் இங்கிலாந்தில் கால்பந்துச் சங்கம் எழுதிய முதல் விதிகளின்படி, பந்துக்கு முன்னால் நிற்கும் எந்தச் சக வீரரும் ஆஃப்சைடு. முன்னோக்கிப் பாஸ் கொடுக்க வழியே இல்லை. பந்து கிடைத்தவர் அதைக் காலோடு வைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓட வேண்டியதுதான். அவர் இழந்தால் எடுத்துக்கொள்ள மற்றவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள். 1866இல் அந்த விதி தளர்ந்தது. தனக்கும் கோலுக்கும் நடுவே எதிரணியினர் மூவர் இருந்தால் முன்னால் நிற்கலாம் என்றானது. ஆனாலும் ஆங்கிலேயர்களுக்குப் பழக்கம் விடவில்லை. பாஸ் கொடுத்து ஆடும் முறையை வளர்த்தெடுத்ததில் ஸ்காட்லாந்தின் குயின்ஸ் பார்க் கிளப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் நடந்த முதல் சர்வதேச ஆட்டத்தில் ஸ்காட்லாந்துக்காக இறங்கிய பதினொரு பேரும் அந்தக் கிளப்பைச் சேர்ந்தவர்கள். ஆட்டம் 0-0 என்று முடிந்தது. தனியாகக் கொண்டுபோவதா, சேர்ந்து கொண்டுபோவதா என்ற வழக்குக்கு அப்போதே 0-0 தீர்ப்பு வந்துவிட்டது.

மேத்யூஸ் அந்தப் பழைய ஆங்கில மரபின் கடைசிப் பெரிய வாரிசு. ஸ்டோக் நகரத்தின் ஹான்லியில் பிறந்தவர். அப்பா முடிதிருத்துபவர், குத்துச்சண்டை வீரரும்கூட. மகனுக்கு உடலைப் பேணும் கண்டிப்பை அவர்தான் ஊட்டினார். மேத்யூஸின் உத்தி பார்க்க எளிமையானது. பந்தோடு மெதுவாக பேக்கை நெருங்குவார். உடலை உள்பக்கம் சாய்ப்பார். பேக்கின் எடை ஒரு காலுக்கு மாறிய கணத்தில் வலது காலின் வெளிப்பக்கத்தால் பந்தைத் தட்டிவிட்டு ஓரக்கோட்டை ஒட்டிப் பறந்துவிடுவார். முதல் நான்கைந்து கஜத்தில் அவரை எட்டிப் பிடித்தவர்கள் அரிது.

1953 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தை இன்றும் மேத்யூஸ் ஃபைனல் என்றே அழைக்கிறார்கள். மேத்யூஸின் அணியான பிளாக்பூல் 1-3 எனப் பின்தங்கியிருந்து, போல்ட்டனை 4-3 என்று வென்ற ஆட்டம் அது. மூன்று கோல் அடித்தவர் சக வீரர் மோர்ட்டென்சன். ஆனாலும் ஆட்டத்தின் பெயர் மேத்யூஸுக்குப் போனது. இதில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்று விதி இடம் தரவில்லை. போல்ட்டனின் எரிக் பெல் காயத்தோடு நொண்டிக்கொண்டிருந்தார். மேத்யூஸைக் காக்க வேண்டிய ரால்ஃப் பேங்க்ஸுக்குக் கால் தசைப்பிடிப்பு. 38 வயது மேத்யூஸ் அந்தப் பலவீனத்தைக் கண்டுபிடித்து அங்கேயே திரும்பத் திரும்பத் தாக்கினார். கடைசி நொடிகளில் பில் பெர்ரி அடித்த வெற்றி கோலுக்கு வலப்பக்கம் ஓடிப் பந்தைப் பின்னிழுத்துக் கொடுத்தவரும் அவர்தான். 1956இல் முதல் பாலன் தோர் விருது, ரியல் மாட்ரிட்டின் டி ஸ்டெஃபனோவை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி அவருக்கே போனது. ஐம்பது வயது நிறைந்த ஐந்தாம் நாள், 1965 பிப்ரவரி 6 அன்று, இங்கிலாந்தின் முதல் டிவிஷன் ஆட்டத்தில் ஸ்டோக் அணிக்காக இறங்கினார்.

கரிஞ்சாவின் கதை இதற்கு நேர் எதிர். ரியோ மாநிலத்தில் பாவ் கிராண்டே என்ற பஞ்சாலை ஊரில் 1933இல் பிறந்தவர். இயற்பெயர் மானுவல் பிரான்சிஸ்கோ டோஸ் சாண்டோஸ். கரிஞ்சா என்பது ஒரு சிறு பறவையின் பெயர். முதுகெலும்பும் கால்களும் பிறவியிலேயே கோணல். வலது கால் உள்நோக்கி வளைந்திருந்தது, இடது கால் வெளிநோக்கி வளைந்து குட்டையாகவும் இருந்தது. மருத்துவக் கணக்கில் ஓடவே சிரமப்பட வேண்டிய உடம்பு அது.

அந்த உடம்பைக் கொண்டு அவர் செய்தது கிட்டத்தட்ட ஒரே ஒரு வேலைதான். வலது ஓரத்தில் பந்தைக் காலடியில் நிறுத்திவிட்டு பேக்குக்கு எதிரே அசையாமல் நிற்பார். திடீரென உடல் இடப்பக்கம் பாயும், பந்து இருந்த இடத்திலேயே இருக்கும். பேக் பாய்ந்து ஏமாறுவார். மறுபடி அதே அசைவு, மறுபடி ஏமாற்றம். பிறகு வலப்பக்கமாக ஒரே வெடிப்பில் கிளம்பிவிடுவார். சடுகுடு ஆடியவர்களுக்கு இது எளிதில் புரியும். பாடி வருகிறவன் தோளை ஒரு பக்கம் ஆட்டி, பிடிக்க நிற்பவனின் பாதத்தை அசைத்துவிட்டு மறுபக்கம் தொட்டுவிட்டு ஓடுவான். மனிதக் கண்ணும் காலும் ஓர் அசைவைக் கண்டு எதிர்வினை செய்ய ஏறக்குறைய நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தேவை. எடையை ஒருமுறை தவறான காலில் இறக்கிவிட்டால் அதை மீட்க இன்னொரு எட்டு வேண்டும். கரிஞ்சாவுக்கு அந்த ஓர் எட்டு போதும். அவரது வளைந்த கால்களிலிருந்து உடல் எந்தப் பக்கம் சாயப்போகிறது என்று படித்தெடுப்பதும் எதிராளிகளுக்குக் கடினமாக இருந்தது.

அவர் வலப்பக்கம்தான் போவார் என்பது ரியோவின் ஒவ்வொரு பேக்குக்கும் தெரியும், பயிற்சியாளர்களுக்கும் தெரியும், கேலரியில் இருந்தவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. டிரிபிளிங் பற்றிய விவாதத்தில் இதைவிடப் பெரிய அளவுகோல் இருப்பதாகத் தெரியவில்லை. நூறு வித்தைகள் கையில் இருப்பவரை எதிராளி கணிக்க முடியாமல் தோற்பது இயல்பு. ஒரே வித்தைக்காரரிடம், அது என்னவென்று தெரிந்தே, ஆண்டுக்கணக்கில் தோற்பது வேறு வகை.

1958 உலகக் கோப்பைக்கு முன் இத்தாலியின் ஃபியோரென்டினாவோடு நட்பு ஆட்டம். கரிஞ்சா தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டினார், கோல்கீப்பரையும் தாண்டினார், காலியான கோலுக்கு முன்னால் நின்றுவிட்டார். ஒருவர் திரும்பி ஓடிவரும்வரை காத்திருந்து அவரையும் தாண்டிய பிறகே பந்தை உள்ளே செலுத்தினார். அணித் தோழர்கள் கொதித்துப்போனார்கள். ஸ்வீடனில் முதல் இரண்டு ஆட்டங்களில் அவர் வெளியே உட்காரவைக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்று பிரேசிலில் சொல்வார்கள். இரண்டாவது ஆட்டத்தில் இங்கிலாந்தோடு 0-0 ஆனதும் நிலைமை மாறியது.

மூன்றாவது ஆட்டம் சோவியத் யூனியனோடு. ஜூன் 15, கோதன்பர்க். கரிஞ்சாவும் 17 வயது பெலேவும் அன்றுதான் உலகக் கோப்பையில் முதன்முதலாகக் களமிறங்கினார்கள். விசில் ஊதிய முதல் நிமிடத்திலேயே கரிஞ்சா லெஃப்ட் பேக் குஸ்நெட்சோவைத் தாண்டி ஓடி, அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அடுத்து பெலே அடித்ததும் கம்பத்தில் மோதியது. மூன்றாவது நிமிடத்தில் சக வீரர் வாவா கோல் போட்டார். கால்பந்தின் மிகச் சிறந்த மூன்று நிமிடங்கள் அவை என்று பிரெஞ்சுப் பத்திரிகையாளர் கேப்ரியல் ஹனோ வர்ணித்தார். இறுதி ஆட்டத்தில் ஸ்வீடன் முதல் கோலை அடித்ததும் பிரேசில் திருப்பியடித்த இரண்டு கோல்களும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக இருந்தன. கரிஞ்சா வலப்பக்கம் பேக்கைத் தாண்டி, கடைக்கோட்டருகே இருந்து குறுக்கே கொடுக்க, வாவா உள்ளே தட்டினார். முதல் கோலில் நடந்ததைக் கண்ணால் பார்த்த பிறகும் இரண்டாவதை ஸ்வீடனால் தடுக்க முடியவில்லை.

1962இல் சிலியில் இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயமடைந்து தொடரை விட்டு வெளியேறினார். அந்த உலகக் கோப்பையை பிரேசிலுக்கு வென்று கொடுத்தது கரிஞ்சாதான் என்று சொன்னால் மிகையில்லை. காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல், அதில் ஒன்று தலையால் முட்டியது. அரையிறுதியில் சொந்த மண்ணில் ஆடிய சிலிக்கு எதிராக இரண்டு. அந்த ஆட்டத்தில் தன்னை உதைத்துக்கொண்டே இருந்தவர்கள் மீது பொறுமை இழந்து ஒருவரை உதைத்து வெளியேற்றப்பட்டார். ஆனாலும் இறுதி ஆட்டத்தில் ஆட அனுமதி கிடைத்தது. பெலேவும் அவரும் சேர்ந்து ஆடிய எந்தச் சர்வதேச ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதில்லை. பிரேசில் அணிக்காக 50 ஆட்டங்கள் ஆடிய கரிஞ்சா தோல்வியைப் பார்த்தது கடைசி ஆட்டத்தில் மட்டும்தான். 1966இல் ஹங்கேரியோடு, பெலே இல்லாத நாளில்.

அவரைப் பற்றி 1960களின் தொடக்கத்தில் ஜோவாகிம் பெட்ரோ டி ஆன்ட்ராடே எடுத்த ஆவணப்படத்தின் தலைப்பு அவரை மக்களின் மகிழ்ச்சி என்று அழைக்கிறது. அந்த மகிழ்ச்சியைத் தந்தவருக்கு நாடு திருப்பித் தந்தது குறைவு. முழங்கால் தேய்ந்தது, குடி முற்றியது. 1983 ஜனவரியில் 49 வயதில் இறந்தார்.

மரடோனாவின் ஆதரவாளர்கள் ஒரு தேதியைச் சொல்லி விவாதத்தை முடிக்கப் பார்ப்பார்கள். 1986 ஜூன் 22, மெக்சிகோ நகரத்தின் அஸ்டெகா மைதானம், உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக. சொந்தப் பாதியில் பந்தை வாங்கி ஒரு சுழற்சியில் பியர்ட்ஸ்லியையும் ரீடையும் கழற்றிவிட்டு, புட்சர், ஃபென்விக் ஆகியோரைத் தாண்டி, கோல்கீப்பர் ஷில்டனையும் சுற்றிவந்து, துரத்தி வந்த புட்சர் காலை நீட்டும்போதே பந்தை உள்ளே தள்ளினார். இடது காலால் மட்டும் பதினொரு தொடுதல்கள். மேடுபள்ளமான புல்தரையில், உச்சி வெயிலில். 2002இல் நடந்த வாக்கெடுப்பில் ஃபிஃபா அதை நூற்றாண்டின் கோலாக அறிவித்தது.

அதற்கு ஒரு முன்கதை உண்டு. 1980 மே மாதம் வெம்ப்ளியில் இதே இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா இதேபோலப் பலரைத் தாண்டிப் போனார். கோல்கீப்பர் கிளெமென்ஸ் முன்னேறி வந்ததும் பக்கவாட்டில் அடித்தார், பந்து கம்பத்தை ஒட்டி வெளியே போய்விட்டது. கோல்கீப்பரையும் ஏமாற்றித் தாண்டியிருக்க வேண்டும் என்று அவருடைய குட்டித் தம்பி பின்னர் குறை சொன்னதை மரடோனா தன் சுயசரிதையில் நினைவுகூர்கிறார். ஆறு ஆண்டுகள் கழித்து ஷில்டன் முன்னேறி வந்தபோது அதைத்தான் செய்தார்.

மரடோனாவின் பெருமையை அளக்க அந்தக் கோலைவிட நல்ல எண் ஒன்று இருக்கிறது. அந்த உலகக் கோப்பையில் அவர்மீது 53 ஃபவுல்கள் செய்யப்பட்டன. உலகக் கோப்பைத் தொடர் எதிலும் வேறு யாரும் அவ்வளவு அடி வாங்கவில்லை. 1982இல் இத்தாலியின் கிளாடியோ ஜென்டிலே ஒரே ஆட்டத்தில் அவரை மல்லுக்கட்டிப் பிடித்துவைத்தார், அன்று அவர்மீது நடந்த ஃபவுல்கள் 23. 1983 செப்டம்பரில் அத்லெட்டிக் பில்பாவோவின் கோயிகோசியா பின்னாலிருந்து வந்து அவருடைய கணுக்காலையே உடைத்தார். பின்னாலிருந்து காலைப் பிடுங்கினால் சிவப்பு அட்டை என்று ஃபிஃபா கண்டிப்பு காட்டியது 1998இல்தான். மரடோனா தாண்டியது ஆட்களை மட்டுமல்ல, அவர்களுக்கு விதி கொடுத்திருந்த சுதந்திரத்தையும். இன்றைய நட்சத்திரங்களோடு அவரை ஒப்பிடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

லயனல் மெஸ்ஸி 2007 ஏப்ரல் 18 அன்று, 19 வயதில், கெட்டாஃபேவுக்கு எதிராக மரடோனாவின் கோலை அப்படியே திரும்ப வரைந்தார். அதே நடுக்கோட்டுப் பகுதி, அதே வலப்பாதி, அதே மாதிரி கோல்கீப்பரைச் சுற்றிப் போனது. மெஸ்ஸியின் டிரிபிளிங்கில் கண்ணைக் கவரும் வித்தைகள் குறைவு. பந்துக்கு மேல் காலைச் சுற்றுவதோ பின்னங்கால் தட்டலோ அநேகமாக இல்லை. ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு சிறு தொடுதல், அவ்வளவுதான். பந்து எப்போதும் இடது பாதத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருப்பதால், தடுப்பவர் காலை நீட்டிய பிறகுகூட அவரால் திசையை மாற்ற முடிகிறது. எதிராளியின் தவறுக்காகக் காத்திருந்து, அது நடந்த பிறகு முடிவெடுக்கும் ஆட்டம் அது.

2022 டிசம்பர் 13, கத்தார் உலகக் கோப்பை அரையிறுதி. மெஸ்ஸிக்கு வயது 35. குரோஷியாவின் ஜோஷ்கோ குவார்டியோலுக்கு 20, அந்தத் தொடரில் எல்லோரும் வியந்த தடுப்பாட்டக்காரர். வேகத்தில் மெஸ்ஸியால் அவரைத் தோற்கடிக்க முடியாது. வலது ஓரமாக ஓடி, நின்று, மறுபடி கிளம்பி, முதுகைக் காட்டித் திரும்பி, கடைக்கோடு வரை போய் சக வீரர் ஆல்வாரெஸுக்குப் பந்தைப் பின்னிழுத்துக் கொடுத்தார். 3-0. குவார்டியோல் ஓர் அடிகூட விலகாமல் கூடவே ஓடினார், தவறு என்று பெரிதாக எதையும் செய்யவில்லை. ஆனாலும் தோற்றார்.

மற்றவர்களைப் பட்டியலில் சேர்க்கலாமா வேண்டாமா என்பதில் ஒவ்வொருவர் தராசும் வேறு. பிரேசிலின் ரொனால்டோ 1996 அக்டோபரில் கொம்போஸ்டெலாவுக்கு எதிராக, சட்டையைப் பிடித்து இழுத்தவரையும் உதறிவிட்டு ஓடிப் போட்ட கோலைப் பார்த்து, பார்சிலோனாவின் பயிற்சியாளர் பாபி ராப்சன் தலையில் கைவைத்து நின்றார். அவ்வளவு வேகத்தில் அவ்வளவு கட்டுப்பாட்டை அவருக்கு முன் யாரும் காட்டவில்லை. 2005 நவம்பர் 19 அன்று பெர்னபேவ் மைதானத்தில் ரொனால்டினோ இரண்டு கோல் அடித்தபோது ரியல் மாட்ரிட் ரசிகர்களே எழுந்து கைதட்டினார்கள். அவர் புகழ்பெறச் செய்த எலாஸ்டிகோ என்ற வித்தையை 1970களில் காட்டியவர் ரிவெலினோ. ரிவெலினோவுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவரோ கொரிந்தியன்ஸில் சக வீரராக இருந்த ஜப்பானிய வம்சாவளி பிரேசிலியர் செர்ஜியோ எச்சிகோ. நைஜீரியாவின் ஜே-ஜே ஒகோச்சா 1993இல் கார்ல்ஸ்ரூஹேவின் ஆலிவர் கானையும் அவருடைய தடுப்பாட்டக்காரர்களையும் பெனால்டி ஏரியாவுக்குள் இங்கும் அங்குமாக ஆட்டிவைத்துப் போட்ட கோலை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பெண்கள் கால்பந்தில் மார்த்தா. 2007 உலகக் கோப்பை அரையிறுதியில் அமெரிக்காவுக்கு எதிராக, பந்தைக் குதிகாலால் எதிராளியின் ஒரு பக்கம் தட்டிவிட்டு, தான் மறுபக்கம் சுற்றிப்போய் எடுத்து அடித்த கோல், இந்தப் பட்டியல்களில் ஆண்கள் பெயர் மட்டுமே வருவது எவ்வளவு தவறு என்பதைக் காட்டும்.

இந்தக் கட்டுரையின் வாக்கு கரிஞ்சாவுக்கே. முழுமையான ஆட்டக்காரர் யார் என்று கேட்டால் விடை மெஸ்ஸியாகவோ மரடோனாவாகவோ இருக்கும், அதில் சண்டை வேண்டாம். ஆனால் எதிரே நிற்கும் ஒருவரைக் கடந்து போவது என்ற அந்த ஒற்றைச் செயலில், இடமும் திசையும் முன்கூட்டியே தெரிந்த நிலையில், கரிஞ்சா அளவுக்கு உறுதியாக வென்றவர் இல்லை. அந்தக் காலத்தில் பேக்குகளுக்குத் துணைக்கு ஆள் வராது, இன்றைய இரட்டைக் காவலில் அவர் சிக்கியிருப்பார் என்பது எதிர்வாதம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் அவரை இரண்டு மூன்று பேர் சேர்ந்து சுற்றி வளைத்தபோது மற்றவர்களுக்கு இடம் கிடைத்தது. வாவாவின் கோல்கள் எல்லாம் வானத்திலிருந்து விழவில்லை.

கரிஞ்சாவின் வழியில் நெடுங்காலம் நடந்தவர் நெதர்லாந்தின் ஆர்யன் ராபன். வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி இடது காலால் அடிப்பார் என்பது ஐரோப்பாவுக்கே தெரிந்திருந்தும் பத்தாண்டுகளுக்கு மேல் அதே கோலைப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது அந்த ஓரத்தில் ஸ்பெயினின் லமீன் யமால் நிற்கிறார். 2024 ஜூலை 9 அன்று மியூனிக்கில் நடந்த யூரோ அரையிறுதியில் பிரான்ஸின் ராபியோ அவரை மறித்தார். இறுதிக்குப் போக வேண்டுமானால் யமால் இதுவரை காட்டியதைவிடக் கூடுதலாகக் காட்ட வேண்டும் என்று ஆட்டத்துக்கு முன் சொன்னவர் அவர். 16 வயது யமால் உடலை ஆட்டி உள்ளே வெட்டி, பெனால்டி ஏரியாவுக்கு வெளியிலிருந்து வளைத்து அடித்த பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போனது. ஸ்பெயின் 2-1 என்று வென்றது.

யமாலை அந்தப் பெரிய பெயர்களோடு சேர்க்க அவசரப்பட வேண்டியதில்லை. டிரிபிளிங் செய்கிறவர்களின் முழங்கால்கள் சீக்கிரம் தேயும். ரொனால்டோவின் முழங்கால் 23 வயதிலேயே பெயர்ந்தது, கரிஞ்சாவின் முழங்காலுக்கு முப்பது வயதில் அறுவைச் சிகிச்சை. ஐம்பது வரை ஆடிய மேத்யூஸ் விதிவிலக்கு, அவர் ஆடியதும் வாரத்துக்கு இத்தனை ஆட்டங்கள் இல்லாத காலத்தில். கிளப்பும் நாடும் போட்டி போட்டுக்கொண்டு யமாலைக் களத்தில் இறக்கிவரும் நிலையில், அவர் எத்தனை பேரைத் தாண்டுவார் என்பதை அவருடைய திறமை மட்டும் தீர்மானிக்கப் போவதில்லை. எந்தெந்த ஆட்டங்களில் அவரை வெளியே உட்காரவைக்கிறார்கள் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கும்.